லாரியைத் தள்ளிப்போடலாம், ஆம்லெட்டை முடியாது

2022 மே 4, புதன்கிழமை மதியம் 2 மணி. ரிசர்வ் பேங்க் அட்டவணைப்படி அடுத்த வட்டி அறிவிப்பு ஜூன்லதான். ஆனா அன்னைக்கே கவர்னர் சக்திகாந்த தாஸ் வீடியோல வந்து, ரெப்போ ரேட் 4 சதவீதத்துல இருந்து 4.40 ஆகுதுன்னு சொன்னார். சென்செக்ஸ் அன்னைக்கு 1,300 புள்ளிக்கு மேல விழுந்துச்சு.

வெறும் 0.40-க்கு இவ்ளோ ஆட்டமா? மார்ச் மாசமே பணவீக்கம் 6.95 சதவீதம். வட்டி ஏறும்னு எல்லாருக்கும் தெரியும், எப்போன்னுதான் தெரியல. பொருளாதாரத்துல 'மானிட்டரி பாலிசி ஷாக்'னு சொல்றது அந்த எதிர்பார்க்காத பகுதியை மட்டும்தான். எதிர்பார்த்தது ஏற்கெனவே பாண்ட் விலையில சேர்ந்திருக்கும். மெயில் போட்டுட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்றதுக்கும், சொல்லாம பண்றதுக்கும் உள்ள வித்தியாசம் நம்ம ஐடி மக்களுக்குப் புரியும்.

சரி, இது ஊருக்குள்ள எப்படி இறங்குது? நாமக்கல்லை எடுத்துக்குவோம். அங்க முட்டையும் பெருசு, லாரியும் பெருசு. லாரின்னா ஓட்டறது மட்டும் இல்ல. பாடி கட்டற பட்டறை, ஃபைனான்ஸ், பக்கத்துல திருச்செங்கோட்டுல போர்வெல் வண்டி எல்லாம் சேர்த்துத்தான். வட்டி ஏறுச்சுன்னு யாரும் ஆம்லெட்டைத் தள்ளிப்போட மாட்டாங்க. முட்டை விலையை ஆட்டறது தீவன விலை, பறவைக் காய்ச்சல் மாதிரி வேற விஷயங்கள். ஆனா புது லாரியை ஆறு மாசம் தாராளமா தள்ளிப்போடலாம்.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். ஊர்ல 100 லாரி இருக்கு. வருஷத்துக்கு 10 பழசாகுது, 10 புதுசு வருது. வட்டி ஏறினதும் '95 போதும்'னு முதலாளிங்க நினைச்சா, அந்த வருஷம் 5 வாங்கினாலே சரி. லாரி எண்ணிக்கை குறைஞ்சது 5 சதவீதம்தான். பட்டறைக்கு வர்ற ஆர்டரோ பாதியாயிடுச்சு! அடுத்த வருஷம் அதே 95-ல நின்னாலும், பழசை மாத்தறதுக்கே ஆர்டர் மறுபடி 10 கிட்ட ஏறிடும். வெல்டருக்கும் பெயிண்டருக்கும் ஒரு வருஷம் வேலை இல்ல, மறு வருஷம் ஓவர்டைம். இதுக்குப் பேர் ஆக்ஸிலரேட்டர். சின்ன ஷாக் பெரிய ஏத்த இறக்கமா மாறுறது இப்படித்தான்.

ஏற்கெனவே லாரி வாங்கினவருக்குப் பெருசா பாதிப்பில்ல. வண்டிக் கடன் பெரும்பாலும் ஃபிக்ஸட் ரேட். மாட்டிக்கிறது ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்காரங்க. 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ 6.50-க்குப் போயிடுச்சு, மொத்தம் 2.5 சதவீதம் ஏத்தம். 30 லட்சம், 20 வருஷக் கடன் 7-ல இருந்து 9.5 சதவீதமானா ஈஎம்ஐ சுமார் 23,260 ரூபாய்ல இருந்து 27,960 ஆகும். அந்த 4,700 ரூபாய் வேற ஏதோ கடையோட வியாபாரத்துல குறையும்.

இங்க ஒரு சிக்கல். 2022-23-ல நாட்டுல வணிக வாகன விற்பனை விழல, கூடத்தான் செஞ்சது. கோவிட்ல தள்ளிப்போன தேவை திரும்பி வந்த நேரம் அது. அதனால 'வட்டி ஏறுச்சு, விற்பனை என்னாச்சு'ன்னு நேரா பார்த்தா தப்பான பதில்தான் வரும். ஆராய்ச்சியாளர்கள் அறிவிப்புக்கு முன்னும் பின்னும் சில நிமிஷத்துல மார்க்கெட் எவ்ளோ நகர்ந்ததுன்னு அளந்து, அதை மட்டும் ஷாக்கா எடுத்து, பிறகு பல மாசத்துக்கு உற்பத்தி, விலை எப்படிப் போகுதுன்னு பார்க்கறாங்க. எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிக்கும், நல்ல டீபகிங் மாதிரி.

ஷாக் எப்பவும் ஏத்தமாத்தான் வரணும்னு இல்ல. 2025 ஜூன் 6-ல பலர் 0.25 குறையும்னு நினைச்சப்ப, ரிசர்வ் பேங்க் 0.50 குறைச்சு 5.50 ஆக்குச்சு. அப்ப நம்ம கணக்கைத் திருப்பிப் போடணும்: 105 லாரி வேணும்னு நினைச்சா ஆர்டர் 15.