உங்களுக்குத் தெரியுமா? மீன்தொட்டிக்கும் நெம்மேலிக்கும் ஒரே நுட்பம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கியதன் கொள்ளளவு நாளுக்கு 10 கோடி லிட்டர்; 2024-இல் வந்தது 15 கோடி. வீட்டில் மீன் வளர்ப்பவரின் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) வடிகட்டி செய்வதும் இதே வேலைதான்: நீரை ஒரு சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது.

இன்றைய சவ்வுகளுக்கு எமன் குளோரின். அதனால் குழாய்நீர் முதலில் கார்பன் வடிகட்டிக்குள் போகிறது. (மீனின் செவுளையும் குளோரின் பதம் பார்க்கும் என்பதால் இதில் இரட்டை லாபம்.) கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதைச் சவ்வு வழியே தள்ள வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50, 60 மடங்கு தேவை. போர்வெல் தண்ணீருக்குச் சின்ன பம்ப்பே போதும்.

வெளியே வருவதை அப்படியே தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. கார்பனேட் உப்புகள் இல்லாத நீரில் பி.எச். மளமளவென்று சரியக்கூடும், மீன் தாங்காது. அமேசான் ஆற்றுக்காரரான டிஸ்கஸுக்கு மென்னீர் பிடிக்கும். கப்பிக்கோ சற்றுக் கடினநீரே சுகம். அதற்கேற்பக் குளோரின் நீக்கிய குழாய்நீரைக் கலப்பார்கள், அல்லது தாது உப்பு சேர்ப்பார்கள். குடிநீர் ஆலைகளிலும் கடைசியில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

நடைமுறைக்கு உதவும் முதல் ஆர்.ஓ. சவ்வை 1959 வாக்கில் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன்.