மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை

மணலி புதுநகர் குழுக் கூட்டத்துக்கு ஒரு அக்கா மஞ்சள் பூச்செடி ஒரு கட்டு கொண்டு வந்தாங்க. "கரிசலாங்கண்ணி, கூட்டு வைக்கலாம்" என்றார். இலையைப் பார்த்தோம், மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. அது அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த படர்செடி. நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை நீளமாக, மடல் பிரியாமல் இருக்கும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். பூவைப் பார்த்தால் யாரும் ஏமாந்துபோவோம்.

நிஜக் கரிசலாங்கண்ணியே ஆனாலும் கால்வாய்க் கரையில் பறிக்காதீங்க. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணூர் வரை எண்ணெய் பரவியதே! மண்ணில் ஈயம் இருந்தால் செடி உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. நல்ல மண் போட்ட தொட்டியில் ஒரு தண்டு நட்டால் போதும், கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். அந்த அக்கா வீட்டு வாசலில் இப்போது இரண்டு தொட்டி இருக்கிறது.