6,000 மீட்டருக்கு 80 மில்லிமீட்டர்

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 10 டன் சுமை கூடும். 6,000 மீட்டரில் அது 6,000 டன். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். இந்த ஆழம் அதன் உயரத்தைப் போல் ஏறக்குறைய 3 மடங்கு.

அமெரிக்கக் கடற்படையின் பழைய ‘மார்க் 5’ செம்புத் தலைக்கவச முக்குளிப்பு உடை சுமார் 86 கிலோ. அந்த எடை மூழ்குவதற்கானது, அழுத்தத்தைத் தாங்குவதற்கல்ல. துணியும் ரப்பரும் அழுத்தத்தை அப்படியே உடலுக்குக் கடத்திவிடும்.

அழுத்தத்தை வெளியிலேயே நிறுத்துவது உலோகக் கவச உடை. 1979இல் அதை அணிந்து சில்வியா ஏர்ல் 381 மீட்டர் இறங்கினார். 2006இல் அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் 610 மீட்டரைத் தொட்டார். 27 ஆண்டுகளில் கூடியது 229 மீட்டர், அதாவது 60 சதவீதம். அதற்கும் கீழே உடையை விட்டுக் கலத்துக்கு மாறுவதே வழக்கம்.

சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் ‘மத்ஸ்யா 6000’ அப்படியொரு கலம். 3 பேர் அமரும் டைட்டானியம் உலோகக் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். வெளிப்பரப்பு சுமார் 16 சதுர மீட்டர் என்பதால், 6,000 மீட்டரில் கோளத்தின் மேல் விழும் மொத்தச் சுமை ஏறத்தாழ 96,000 டன். உள்ளே 12 மணி நேரம் பணியாற்றலாம். ஆபத்து நேர்ந்தால் 96 மணி நேரம் உயிர் காக்க ஏற்பாடு உண்டு. இக்கலத்தையும் உள்ளடக்கிய ஆழ்கடல் திட்டத்துக்கு 2021 ஜூனில் மத்திய அரசு 5 ஆண்டுகளுக்கு ஒப்புதல் அளித்த தொகை 4,077 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கலம் ஒன்றில் இந்திய வீரர் 5,002 மீட்டர் வரை இறங்கிப் பயிற்சி பெற்றார்.

சென்னையில் இப்படியொரு கலம் உருவாகும் அதே தமிழகத்தின் கடலில், மன்னார் வளைகுடாவில், சங்கு குளிப்பவர்கள் கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் 3 மடங்கு. அங்கே இழுத்த 6 லிட்டர் காற்றை அடக்கியபடி மேலே வந்தால் அது 18 லிட்டராக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். துணி, ரப்பர் உடை எதுவும் இதைத் தடுக்காது. தடுப்பது இரண்டு: மூச்சை அடக்காமை, மெதுவாக ஏறுதல். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஏற 2 நிமிடம் 13 விநாடி ஆகும். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றாலும் மொத்தம் 5 நிமிடம் 13 விநாடிதான். ஆழமானியும் நீர் புகாக் கடிகாரமும் இல்லாமல் இந்தக் கணக்கைக் கடலுக்குள் பார்க்க முடியாது. சங்கு குளிக்கும் ஒவ்வொருவர் கையிலும் இந்த இரண்டையும் அரசு செலவிலேயே கட்டிவிட வேண்டும்.