டிக்கெட்டில் உள்ள நேரமும் பயணியின் உரிமையும்

சென்னைக்கும் தில்லிக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். உருண்டையான பூமியின் மேல் இரு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது. விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. எதிர்காற்று, இடிமேகம், ஓடுதளத்துக்கான காத்திருப்பு எல்லாம் நேரத்தைக் கூட்டும். ஆகவே இந்தியாவில் பயணியின் உரிமைக்கு அளவுகோல் கிலோமீட்டர் அல்ல, ‘பிளாக் டைம்’. நின்ற இடத்தைவிட்டு விமானம் நகர்வது முதல் போய்ச் சேர்ந்து நிற்பது வரையிலான நேரம் அது. உள்நாட்டு டிக்கெட்டில் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் அது கிடைத்துவிடும். வெளிநாட்டுக்கு அப்படிக் கழிக்கக் கூடாது. அந்தந்த ஊர் நேரமே அச்சாகிறது. உதாரணமாக, சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணிக்குள் இருந்தால் 2 மணி நேரத் தாமதத்திலேயே உணவு தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதம். சென்னை–மும்பை முதல் வகை, சென்னை–தில்லி இரண்டாவது. 24 மணி நேரம் முன்புகூடச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது பணம் திரும்பத் தருவதோடு இழப்பீடும் உண்டு: பிளாக் டைம் ஒரு மணி வரை 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய், அல்லது எரிபொருள் கட்டணம் சேர்ந்த ஒருவழி அடிப்படைக் கட்டணம், இதில் எது குறைவோ அது. புயல் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு இல்லை.

ஆரணிக்கு அருகே உள்ள சேவூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. ஆரணியில் ஏஜென்ட் தன் செல்போன் எண்ணைக் கொடுத்து டிக்கெட் போட்டால், ரத்துச் செய்தி அவருக்குத்தான் போகும். பயணியின் தொடர்பு விவரம் இல்லையென்றால் இழப்பீடும் போய்விடும். சொந்த எண்ணைப் போடச் சொல்வதே பாதுகாப்பு. ஊரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கவுண்டர் மூடியபின் போனால் கட்டணம் போனாலும், டிக்கெட்டில் சேர்த்த வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் கேட்டு வாங்கலாம்.

பெட்டி தொலைந்தால் மட்டும் தூரமும் நேரமும் கணக்கில் வராது. உள்நாட்டில் ஒரு பயணிக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். சில பட்டுச் சேலைகளின் விலையே அதைத் தாண்டும் என்பதால், கண்காட்சிக்குப் போகும் நெசவாளர் சேலைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியம் தூரத்தைப் பார்க்கிறது. பாரிசிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்டது; எந்த நிறுவனமானாலும், அதன் தவறால் நான்கு மணிக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ. ஒரே டிக்கெட்டில் துபாயில் மாறினாலும் பாரிஸ்–சென்னை நேர்த்தூரமே கணக்கு.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் தர வேண்டும். போர்டிங் பாஸ், வந்த குறுஞ்செய்தி இரண்டும் சான்று. பதில் சரியில்லை என்றால் ‘ஏர்சேவா’ தளத்திலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிடலாம். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவூர்க்காரருக்கு அது திருவண்ணாமலை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.