உறைபனியில் ஓய்ந்திருக்கும் நரம்பு

கையோ காலோ புண்பட்டால் அசைக்காமல் வைத்துக்கொள்ளலாம். மார்புக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் விலா எலும்புகள் ஏறி இறங்கியே தீர வேண்டும். அதனால்தான் மார்பு அறுவையின் வலி இவ்வளவு கொடியது. வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தேங்கி நிமோனியாவே வரலாம். மார்ஃபின் வகை மருந்துகள் வலியைத் தணித்தாலும் குமட்டலும் மலச்சிக்கலும் தரும், மூச்சையும் மந்தமாக்கும். முதுகில் செலுத்தும் எபிடியூரல் குழாயைச் சில நாள்களில் எடுத்துவிட வேண்டும். வலியோ வாரக்கணக்கில் நீடிக்கிறது. வலி எத்தனை நாள் இருக்குமோ அத்தனை நாளும் நரம்பு ஓய்ந்திருக்க வேண்டும், பிறகு தானாகவே விழிக்க வேண்டும். நரம்பை உறையவைக்கும் முறை இந்தத் தேவைக்கு மிக நெருங்கி வருகிறது என்பதே என் கருத்து.

கருவியின் நுனிக்குள் உயர் அழுத்த நைட்ரஸ் ஆக்சைடு சிறு துளை வழியே பாய்ந்து விரிகிறது. விரியும் வாயு குளிர்வதால் நுனியின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பின் மேல் அதை இரண்டு நிமிடம் அழுத்தினால், நுனியைச் சுற்றி வெள்ளைப் பனி உருண்டை திரளும். அது உருகும்வரை கருவியை இழுக்கக் கூடாது. ஒட்டிய திசு கிழிந்துவிடும். இந்தக் குளிரில் நரம்பிழைகள் சிதைகின்றன, ஆனால் அவற்றைப் பொதிந்திருக்கும் உறை தப்பிவிடுகிறது. மேலுறையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கம்பியை மட்டும் துண்டிப்பது போன்றது இது. அந்த உறையே வழிகாட்ட, நாளுக்கு ஓரிரு மில்லிமீட்டராக இழை மறுபடி வளர்கிறது. சில மாதங்களில் உணர்வு திரும்பத் தொடங்கும்.

லாய்டும் சகாக்களும் 1976-இல் பிரிட்டனில் முன்வைத்த இந்த முறை, குழிந்த மார்பை எஃகுப் பட்டையால் நிமிர்த்தும் நஸ் அறுவையில்தான் இன்று சிறப்பாகப் பயன்படுகிறது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 20 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எபிடியூரல் பெற்றவர்கள் 5 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். நரம்பு உறையவைக்கப்பட்டவர்கள் 3 நாளில் வீடு திரும்பினார்கள். அபின் வகை மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இருபது பேர் போதுமா என்று கேட்பது நியாயம். ஆனால் பிற மருத்துவமனைகளின் அனுபவமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பக்கத்துக்கு ஐந்து நரம்பு என்றால் அறுவை குறைந்தது இருபது நிமிடம் நீளும். இரண்டு நாள் மிச்சமாகும்போது அது பெரிய விலையல்ல. வளரும் நரம்பு பிசகி, எரிச்சலும் குத்தலுமான புது வலி தங்கிவிடுமே என்ற அச்சம்தான் கனமானது. நுரையீரல் அறுவைக்குப் பின் பெரியவர்கள் சிலருக்கு அப்படி நேர்ந்ததால்தான் இந்த முறை ஒரு காலத்தில் பின்தங்கியது. பதின்வயதினரிடம் அது அரிது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஐம்பதைத் தாண்டியவரிடம் மார்புத் தோல் மாதக்கணக்கில் மரத்திருக்கும், புது வலிக்கும் வாய்ப்புண்டு என்று அறுவைக்கு முன்பே சொல்லி, அவர் சம்மதத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இருவருக்குமே முதல் நாள் மரப்பு ஊசியும் போட வேண்டும், உறைதலின் பலன் முழுதாகத் தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பதால்.