சுரங்கத்தை மூடியாச்சு... பம்பை நிறுத்த வழியில்லை!

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டர்ஹாம் பகுதியில், வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது ஈசிங்டன் கோலியரி. நிலக்கரிச் சுரங்கம் வந்ததால் பிறந்த கிராமம். 'பில்லி எலியட்' படம் பார்த்தவர்களுக்கு அதன் தெருக்கள் நினைவிருக்கும். ஒரே அச்சில் வார்த்தது போன்ற செங்கல் வீடுகள் வரிசை வரிசையாகக் கடலை நோக்கி இறங்கும். 1984-85-ல் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பற்றியும், 1993 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது பற்றியும் புத்தகங்கள், படங்கள் நிறையவே வந்துவிட்டன. அதிகம் பேசப்படாதது தண்ணீர். இந்த ஊரின் நூறு வருஷக் கதையைத் தண்ணீரின் பக்கமிருந்து பார்த்தால்தான், இன்றும் அங்கே என்ன பாக்கியிருக்கிறது என்பது விளங்கும்.

1899-ல் குழி இறக்க ஆரம்பித்தார்கள். முதல் கரி மேலே வந்தது 1910-ல். இடையில் போன பதினொரு வருஷமும் தண்ணீரோடு மல்லுக்கட்டியே போனது. அந்தக் கரை முழுக்க மக்னீசியச் சுண்ணாம்புப் பாறை. அதன் விரிசல்களெல்லாம் நீர். அதற்கும் கீழே நீர் ஊறிய மணல். தோண்டத் தோண்டக் குழி நிரம்பியது. கடைசியில் நிலத்தையே உறையவைத்தார்கள். குழியைச் சுற்றி வட்டமாகத் துளை போட்டு, குழாய் இறக்கி, கடுங்குளிர் உப்புநீரை அதில் விடாமல் ஓட்டினால், ஈர மண்ணும் மணலும் இறுகிப் பனிச்சுவராகிவிடும். அந்தச் சுவருக்குள் இறங்கித் தோண்டினார்கள். பிறகு, நம் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவது போல இரும்பு வளையங்களை அடுக்கி நீரை வெளியே நிறுத்தினார்கள். அப்படி எதிரியாக நினைத்து ஒதுக்கிய அதே சுண்ணாம்புப் பாறை நீரைத்தான் அந்தக் கரையோர ஊர்கள் குடிக்கின்றன என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரி கிடைத்த பின் சுரங்கம் கடலுக்கடியில் மைல் கணக்கில் நீண்டது. மேலே மீன்பிடிப் படகுகள், கீழே ஷிஃப்ட் ஷிஃப்டாகத் தொழிலாளர்கள். அப்பன், மகன், பேரன் என்று ஒரே கூண்டில் இறங்கிய குடும்பங்கள் உண்டு.

1951 மே 29, விடியற்காலை நாலரை மணி வாக்கு. ஒரு ஷிஃப்ட் ஆட்கள் வேலையை முடிக்கும் தறுவாயில் இருக்க, அடுத்த ஷிஃப்ட் ஆட்களும் வந்து சேர்ந்திருந்த நேரம். கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் ஒரு கல்லில் உரசின. பைரைட் என்கிற இரும்புக் கந்தகக் கல் அது. கரிப் படுகைகளில் சர்வசாதாரணமாகக் கிடக்கும். தங்கம் என்று ஏமாறும் அளவுக்கு மஞ்சளாக மினுக்கும். உரசலில் தீப்பொறி பறந்தது. அங்கே தேங்கியிருந்த மீத்தேன் வாயு பற்றிக்கொண்டது. அந்த வெடிப்பின் வேகத்தில் தரையில் படிந்திருந்த கரித்தூசி எழும்ப, அந்தத் தூசியும் எரிய, நெருப்பு பாதை பாதையாக ஓடியது. இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் சேர்ந்து இருந்ததால் சாவு எண்ணிக்கை கூடிப்போனது. 81 சுரங்கத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களைத் தேடி இறங்கிய மீட்புக் குழுவிலும் இருவர் கார்பன் மோனாக்சைடு தாக்கி இறந்தார்கள். மொத்தம் 83 பேர். ஊர் இடுகாட்டில் பலரை ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். ஒரு பொறிக்கு ஊரே கொடுத்த விலை அது.

விபத்துக்குப் பின்னும் நாற்பது வருஷம் கரி வெட்டினார்கள். அந்தக் காலத்தில் வேலை, வீடு, மன்றம், பாண்டு வாத்தியம் எல்லாம் சுரங்கத்தைச் சுற்றியே இருந்தன. அந்த வாழ்க்கையை இழந்தவர்களின் துக்கம் பெரியது. மூடியே தீர வேண்டிய சுரங்கம் என்று கணக்குக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் மறுக்கவில்லை. என் கவலை அந்தப் பைரைட்டைப் பற்றியது. 83 உயிரைக் குடித்த பிறகும் அதன் வேலை முடியவில்லை.

சுரங்கம் ஓடும்வரை பம்புகள் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். காலியான குகைகளில் காற்று புகும். காற்றும் ஈரமும் பட்டால் பைரைட் மெல்லத் துருப்பிடித்து உப்பாகப் பூக்கும். பம்பை நிறுத்தியதும் நீர்மட்டம் ஏறி, அந்த உப்புகளையெல்லாம் கரைத்துக்கொள்கிறது. அப்படி வரும் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் முதலில் தெளிவாகவே இருக்கும். காற்றில் கொஞ்ச நேரம் வைத்தால் கலங்கும், பிறகு ஆரஞ்சு நிறமாகி, அடியில் துருச்சேறு படியும். இந்த நீர் ஓடைக்குள் நுழைந்துவிட்டால் கூழாங்கல் எல்லாம் அந்தச் சேற்றால் மூடிப்போகும். கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள் சாகும், அவற்றைத் தின்னும் மீன்களும் போய்விடும்.

ஒரு சுரங்கத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. டர்ஹாமில் பல நூற்றாண்டாகத் தோண்டியிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கங்கள் நிலத்தடியில் ஒன்றோடொன்று துளைபட்டுக் கிடக்கின்றன. இங்கே பம்பை நிறுத்தினால் அங்கே நீர் ஏறும். கடலோரச் சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்ட பின் உப்பும் இரும்பும் கலந்த நீர் உயர உயர, மேலே இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு, அதாவது குடிநீருக்கு, ஆபத்து வந்தது. அதனால் ஈசிங்டனுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள ஹார்டனிலும் டாவ்டனிலும் 2000-களில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, சுரங்க நீரை மேலே இழுக்கிறார்கள். காற்றோடு கலந்து இரும்பைப் படியவைத்து, வடித்த பிறகே கடலில் விடுகிறார்கள்.

கடற்கரையைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு காலத்தில் கரியோடு வந்த கழிவுக் கல்லை நேராகக் கடற்கரையிலேயே கொட்டினார்கள். மணல் கறுத்துக் கிடந்தது. 'கெட் கார்ட்டர்' படத்தின் இறுதிக் காட்சியை, கழிவு கொட்டிய பிளாக்ஹால் கரையில்தான் எடுத்தார்கள். 1997 முதல் 2002 வரை நடந்த பெரும் துப்புரவில் சுமார் 13 லட்சம் டன் கழிவை அகற்றினார்கள். இன்று பாறை உச்சியில் காட்டுப்பூக்கள், நடைபாதை, சுற்றுலாப் பயணிகள். நல்ல வேலைதான், பாராட்ட வேண்டும். ஆனால் கண்ணில் படுகிற அழுக்குக்குப் பணமும் கைதட்டலும் கிடைத்துவிடுகின்றன. பாறைக்கடியில் ஏறும் நீருக்குக் கிடைப்பது, வருஷா வருஷம் கட்ட வேண்டிய மின்கட்டணம். கரி விற்ற காலத்தில் எந்த விலைப்பட்டியலிலும் அது சேரவில்லை. அன்று வாங்கி எரித்தவர்கள் யாரும் கொடுக்காத தொகையை இன்று மக்கள் வரிப்பணம் கொடுக்கிறது.

இந்த நீரையே வரமாகப் பார்ப்பவர்களும் உண்டு. பூமியின் சூட்டால் டாவ்டன் நீர் சுமார் 20 டிகிரி செல்சியஸில் வெளிவருகிறது. அந்தச் சூட்டை எடுத்துப் புதுக் குடியிருப்புகளுக்குத் தரும் திட்டம் அங்கே இருக்கிறது. சற்று வடக்கே கேட்ஸ்ஹெட் நகரில் 2023-லேயே சுரங்க நீரின் சூட்டில் கட்டடங்களை வெதுவெதுப்பாக்கத் தொடங்கிவிட்டார்கள். குளிர்நாட்டில் அது பெரிய உதவி. ஆனால் அந்த லாபத்தைக் காட்டி அடிப்படைக் கணக்கை மறைத்துவிடக் கூடாது. சூடு வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஹார்டனிலும் டாவ்டனிலும் நீரை இறைத்தே ஆக வேண்டும். அதற்கு இன்ன வருஷத்தோடு முடியும் என்று ஒரு தேதியை யாராலும் எழுத முடியாது.