உங்களுக்குத் தெரியுமா? – ஓசூர் எல்லையில் யார் வெளியூர்க்காரர்?

★ ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970-களில். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று கம்பெனிகள் வர வர, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவந்த உள்ளூர்க் குடும்பங்களுக்கு அன்றைக்கு அவர்கள்தான் வெளியூர்க்காரர்கள்.

★ 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டிலிருந்து 800-க்கும் மேற்பட்ட பழங்குடிப் பெண்கள் ஓசூர் பக்கமுள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வேலைக்காகப் புறப்பட்டு வந்தார்கள்.

★ "வடநாட்டு ஆட்கள் வந்து கூலியைக் குறைத்துவிட்டார்கள்" என்று டீக்கடையில் பேசுகிறோம். ஆனால், வெளிமாநில ஆளை மலிவான ஆளாக்கக் கூடாது என்றே 1979-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி, ஒரே மாதிரி வேலை என்றால் உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் அதே கூலியைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. போதாததற்கு, மாதச் சம்பளத்தில் பாதியை ஒருமுறை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டியிருந்தது. அதைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றும் இருந்தது. ஊருக்குப் போய்வரும் செலவும் உண்டு என்றிருந்தது. போட்டோ ஒட்டிய பாஸ்புக்கில் கூலி, வேலைக்காலம், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஆட்களை அழைத்துவந்த காண்ட்ராக்டர் இவற்றைத் தராவிட்டால் கம்பெனிதான் பொறுப்பாக இருந்தது. இந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தியிருந்தால் வெளிமாநில ஆளை எடுப்பதில் முதலாளிக்கு லாபமே இருந்திருக்காது. ஆனால் அந்தப் பாஸ்புக்கைக் கையில் வைத்திருந்த தொழிலாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கூலி குறைந்ததற்குக் கணக்குக் கேட்க வேண்டியது காண்ட்ராக்டரிடமும் கண்டுகொள்ளாத அதிகாரிகளிடமும்தான். ரயிலில் வந்தவரிடம் அல்ல.

★ அந்த 1979 சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தானாக வேலை தேடி வந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளர் கணக்கில் சேர்கிறார், அது நல்லது. ஆனால் வெளிமாநிலத் தொழிலாளர் 5 பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்பது 10 பேராகிவிட்டது. இடப்பெயர்ச்சிப் படியும் போய்விட்டது.

★ தனியார் வேலையில் 75 சதவீதம் மண்ணின் மைந்தர்களுக்கே என்ற ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதே 75 சதவீதத்தை 2021 தேர்தல் அறிக்கையில் திமுகவும் வாக்குறுதியாகத் தந்திருந்தது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவையும் இப்படியொரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. அது வந்திருந்தால், ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறுகிறவர்கள்தான் முதலில் அடிபட்டிருப்பார்கள்.

★ 2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தின்போது பஸ்கள் நின்றுபோயின. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் இறங்கி, பெட்டியும் குழந்தையுமாகத் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தார்கள் நம் மக்கள். 2023 அக்டோபர் 7-இல் அதே அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சில நாள் கூலிக்குப் போன இளைஞர்கள்.

★ 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தமிழ்நாடு போலீஸ் மறுப்பு வெளியிட்டதோடு நிற்காமல் பரப்பியவர்கள் மீது வழக்கும் போட்டது. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துப் போனது. அந்தச் சுறுசுறுப்பு கூலி பாக்கிப் புகாருக்கும் வேண்டும்.

★ ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சொந்த மாநிலத்து உணவுப் பாதுகாப்புச் சட்ட ரேஷன் கார்டு உள்ளவர் ஓசூர் ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்துத் தன் பங்கு தானியத்தை வாங்கலாம். உங்கள் தெருவில் குடியிருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள். கடை எங்கே இருக்கிறதென்றும் காட்டிவிடுங்கள்.